ஜன்னல் ஏசியின் பின்புறம்

ஏப்ரல் 3, புதன்

பரிதியின் அறையிலுள்ள ஜன்னல் ஏசி அறைக்குள்ளேயே தண்ணீர் வடிக்கிறது. குளிர்ச்சியும் போய்விட்டது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருந்தும், சர்வீஸ் கம்பெனி இழுத்தடித்துவிட்டு இன்றுதான் ஆள் அனுப்பியது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் தேதிவாரியான குறிப்பு கையில் இருக்க வேண்டும். அதற்காகவே இதைத் தொடங்குகிறேன். வேறு நோக்கம் இல்லை.

என் தொழில் இதற்கு உதவும். நான் இன்சூரன்ஸ் சர்வேயர். தீப்பிடித்த கிடங்குகளையும் வெள்ளம் புகுந்த ஆலைகளையும் பார்வையிட்டு, இழப்புக்கு உடனடிக் காரணம் எது என்று அறிக்கை எழுதுகிறவன். காரணமில்லாத இழப்பு ஒன்றைக்கூட இதுவரை நான் பார்த்ததில்லை. காரணத்தைச் சொல்ல விரும்பாத மனிதர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

வந்த மெக்கானிக்கின் பெயர் ஜெகதீசன். முகப்பு மூடியைக் கழற்றினான், உள்ளே விரலால் தடவினான், தீர்ப்புச் சொன்னான்.

“கேஸ் கம்மி சார்.”

“கேஸ் குறைஞ்சா குளிர் போகும். தண்ணி ஏன் ரூமுக்குள்ள வருது?”

“மெஷினுக்கு வயசாயிடுச்சு சார். வயசானா தண்ணி நிக்குமா? மனுஷனுக்கே நிக்கறதில்ல.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு கேஸ் நிரப்பிவிட்டுப் போனான்.

பரிதி எங்கள் ஒரே மகன். விடுதியில் வந்த காய்ச்சலில் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியதன்று. அவன் அறையில் இப்போது என் மனைவி செண்பகவல்லி படுக்கிறாள். என் குறட்டை தாங்கவில்லை என்று காரணம் சொன்னாள். ஏற்றுக்கொள்ளத்தக்க காரணம். பழைய பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்பிளிட் ஏசி மாட்டலாம் என்றால் மட்டும் ஒப்புவதில்லை. “அவன் செலக்ட் பண்ணது, இருக்கட்டும்” என்கிறாள். அவனுக்குப் பிடித்த பதினெட்டு டிகிரியில்தான் வைக்கிறாள், பிறகு இருமுகிறாள்.

ஏப்ரல் 6, சனி

தண்ணீர். மீண்டும்.

ஏப்ரல் 11, வியாழன்

மூன்று முறை தொலைபேசியில் கத்தாமல் பேசினேன். கத்தாமல் பேசுவது கத்துவதைவிட வேகமாக வேலை செய்கிறது. ஜெகதீசன் வந்தான்.

“இதை முழுசா வெளிய இழுத்துப் பின்பக்கம் கழுவணும் சார். தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கும்.”

நான் சரி என்பதற்குள் செண்பகவல்லி குறுக்கிட்டாள். “வேணாம்பா. இழுத்தா சுவரு பேந்துடும். முன்னாடி மட்டும் சுத்தம் பண்ணிட்டுப் போ.”

“அம்மா, முன்னாடி பவுடர் போட்டாப் பின்னாடி குளிச்ச மாதிரி ஆகுமா?”

“சொல்றதைச் செய்.”

அவள் அவ்வளவு கண்டிப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. ஜன்னலை ஒட்டியே நின்றுகொண்டாள். சுவர் பூச்சின்மீது அவளுக்கு இவ்வளவு அக்கறை இருப்பது எனக்குப் புதிய செய்தி. ஏசியில் வெளிக்காற்றை உள்ளே விடுகிற சிறு தடுப்பு ஒன்று உண்டு. அது திறந்தபடியே துருப்பிடித்துக் கிடக்கிறது, மூட முடியவில்லை. வடிகட்டியை மட்டும் கழுவி மாட்டினான். அறையில் ஒரு புளித்த வாடை இருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லையாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

காற்றின் தரம் காட்டும் கருவி ஒன்றும் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றும் வாங்கினேன். கருவி பச்சை விளக்கு எரிந்து, ‘நன்று’ என்கிறது. அதன் எதிரே உட்கார்ந்து செண்பகவல்லி இருமுகிறாள். கருவி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

மதியம் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். வறுவல் இந்த வாரம் முழுவதும். கேட்டேன். “கெட்டுப்போற கிழங்கு, அதான்” என்றாள். வீட்டில் கிழங்கு கெட்டுப்போகும் அளவுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

மாலையில் அவள் அண்ணன் ஊரிலிருந்து பேசினார். பரிதிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதுதான் தங்கையின் உடம்பைப் படுத்துகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. பதினாறாம் நாளன்று அவரிடம் சொன்னதையே இன்றும் சொன்னேன்: காக்காவுக்குச் சோறு வைத்து, காக்காவைத் தன் பிள்ளை என்று சொல்கிற வீடு இதுவன்று, ஒரு பிடி சோறுகூட இங்கே யாருக்கும் படைக்கப்படாது. அன்று அந்த வாக்கியத்தைச் சொன்னபோது செண்பகவல்லி அங்கேதான் நின்றாள். மறுப்புச் சொல்லவில்லை. மறுப்பு இல்லாவிடில் உடன்பாடு என்று பொருள்.

மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனேன். எங்களுக்கு நேர் மேலே நான்காம் தளத்தில் இருக்கும் சிங்காரவேலு, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், கை நிறையக் கம்பை இறைத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் மாடியே சாம்பல் நிறமாக நெளிந்தது. அத்தனையும் புறா.

மே 9, வியாழன்

காய்கறிப் பையுடன் முதல் தளம் ஏறியதும் படியில் உட்கார்ந்துவிட்டாளாம். காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெருமுனை மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கக்கூட அவருக்கு நேரமில்லை, கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது.

மே 13, திங்கள்

மாத்திரை வேலை செய்யவில்லை. ஏசியும் வேலை செய்யவில்லை.

மே 20, திங்கள்

நுரையீரல் நிபுணர் டாக்டர் பெனாசிர். இளையவர்; அவசரப்படாதவர். ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, பென்சிலால் சுட்டிக்காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களில் பனி மூடியதுபோல் இருந்தது. ஓரங்களில் வலைப்பின்னலாகச் சில கோடுகள்.

“வீட்ல புறா வளக்கறீங்களா? பக்கத்துல புறா வருமா?”

செண்பகவல்லி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பதில் சொன்னேன். “மேல் வீட்டுக்காரர் தீனி போடறார்.”

“அதோட எச்சம், இறகுத்தூள் காத்துல கலந்து உள்ள போகும். எல்லாருக்கும் ஒண்ணும் செய்யாது. சிலருக்கு நுரையீரல் அதை எதிரியா நினைச்சுச் சண்டை போடும். அந்தச் சண்டையில புண்ணாகறது நுரையீரல்தான்.” பென்சில் கோடுகளுக்கு நகர்ந்தது. “இது தழும்பு. திரும்பி வராது. இந்தப் பனி மாதிரி இருக்கறதைக் காப்பாத்தலாம். மருந்து தரேன். ஆனா புறா நிக்கணும். அது நிக்கலேன்னா மருந்தால ஒரு பயனும் இல்ல.”

கருவி ‘நன்று’ என்று சொன்னதைக் கூறினேன். “தூசி எவ்வளவுன்னு அது சொல்லும் சார். எதோட தூசின்னு சொல்லாது” என்றார்.

காரணம் கிடைத்துவிட்டது. நெடுநாட்களுக்குப் பின் மனம் தெளிவாக இருக்கிறது.

மே 22, புதன்

சிங்காரவேலுவை மாடியில் சந்தித்தேன்.

“நாளைலேர்ந்து புறாவுக்குத் தீனி போடக் கூடாது.”

“ஏன் சார், உங்க வீட்டுக் கம்பா?”

“என் மனைவிக்கு நுரையீரல் பாதிப்பு. இதனால.”

அவர் முகம் மாறியது. “செண்பகத்துக்கா? ஐயையோ. என்ன சார் சொல்றீங்க? போன தீபாவளிக்கு எனக்கு அதிரசம் கொண்டாந்து குடுத்துச்சே அந்தப் பொண்ணு.”

“காரணம் நீங்கதான்.”

“நானா? பத்து வருஷமா இதுங்களுக்கு நடுவுல நிக்கறேன். எனக்கு ஒரு தும்மல் வந்ததில்லையே, சர்வேயர் சார்?”

“ஒருத்தருக்கு வராதது இன்னொருத்தருக்கு வரும். டாக்டர் ரிப்போர்ட் இருக்கு.”

“அப்போ ரிப்போர்ட்டை எங்கிட்ட காட்டாதீங்க. அதுங்ககிட்ட காட்டுங்க” என்று புறாக்களைக் கைகாட்டினார்.

மே 26, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். ஸ்கேன் படத்தின் நகலை எல்லோருக்கும் கொடுத்தேன். பத்து நிமிடம் பேசினேன். குரலை உயர்த்தவில்லை. மாடியில் புறாக்களுக்குத் தீனி போடத் தடை, எதிர்ப்பின்றி நிறைவேறியது. சிங்காரவேலு எழுந்து, “தீர்மானத்தைப் புறாவுக்கும் ஒரு காப்பி குடுத்துடுங்க, எழுத்துல இருந்தாத்தான் கேக்கும்” என்றார். சிலர் சிரித்தனர். சிரித்தவர்களின் வீட்டு எண்கள் நினைவில் உள்ளன.

வீடு திரும்பிச் செய்தியைச் சொன்னேன். “பாவங்க அவரு” என்றாள் செண்பகவல்லி. யாருக்காகப் போராடுகிறேன் என்று அவள் ஒருமுறையேனும் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

ஜூன் 5, புதன்

புறா வரத்து குறையவில்லை. பரிதியின் அறை ஜன்னலுக்கு வெளியே முனகல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஏசியை முழுவதும் வெளியே இழுத்துக் கழுவ ஜெகதீசனை வரச் சொன்னேன்.

“இன்னிக்கு வேணாங்க. நாளைக்கு அமாவாசை. கழிச்சுப் பாத்துக்கலாம்” என்றாள் செண்பகவல்லி. ஏசிக்கும் அமாவாசைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

இருவர் சேர்ந்து பெட்டியை அறைக்குள் இழுத்தார்கள். பின்புறத் தகடுகள் தெரியவில்லை. எச்சம் சிமெண்டுபோல் இறுகியிருந்தது. அடியில் சுள்ளியும் கம்பியும் துடைப்பக் குச்சியும் வைத்துக் கட்டிய கூடு. தண்ணீர் போகும் துளையில் இறகு. துருப்பிடித்த அந்தத் தடுப்பின் வாயிலும் இறகு. இந்தக் காற்றைத்தான் அவள் ஓராண்டுக்கு மேல் பதினெட்டு டிகிரியில் குளிர்வித்துச் சுவாசித்திருக்கிறாள்.

பெட்டியின் மேல்தகட்டில் ஓரிடத்தில் மட்டும் காய்ந்த சோற்றுப் பருக்கை அடை அடையாக ஒட்டியிருந்தது. நடுவே கறிவேப்பிலை, மஞ்சள் படிந்த ஏதோ துணுக்கு.

“யாரோ தினம் சாப்பாடு போட்டு வளத்திருக்காங்க சார்” என்றான் ஜெகதீசன். “கல்யாணச் சாப்பாடு மாதிரி பொரியலோட. புறாவுக்கு இங்க மெஸ்ஸே நடந்திருக்கு.”

சமையலறையில் குழாய் திறக்கும் ஓசை கேட்டது. வெகுநேரம் ஓடியது.

மேல் வீடு. கம்புக்குத் தடை வந்ததும் ஜன்னல் வழியே சோறு.

ஜூன் 6, வியாழன்

சிங்காரவேலுவின் கதவைத் தட்டினேன். செய்தியைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அடுப்பின் மேல் பழைய செய்தித்தாள் அடுக்கியிருந்தது. சிலிண்டர் இல்லை.

“அவ போனதோட இந்த அடுப்பு அணைஞ்சுது சார். மத்தியானம் மெஸ்ஸுலேர்ந்து எடுப்புச் சாப்பாடு. ராத்திரி ரெண்டு இட்லி. அந்த எடுப்புச் சாப்பாட்ல புறாவுக்கும் பங்கு வச்சா நான் என்னத்தைத் திங்கறது? சொல்லுங்க.”

நான் படியிறங்கினேன்.

ஜூன் 7, வெள்ளி

மேலிருந்து எறியும் சோறு சிதறும். இது ஓரிடத்தில் வைக்கப்பட்ட சோறு. பார்த்தவுடனே கவனித்தேன். எழுதவில்லை.

கழுவிய பெட்டியை மாட்டிவிட்டார்கள். வலை அடிக்கும் ஆள் வருகிறேன் வருகிறேன் என்கிறான்.

ஜூன் 14, வெள்ளி

அம்பத்தூரில் ஆய்வு ரத்தாயிற்று. மதியமே வீடு திரும்பினேன். என்னிடமுள்ள சாவியால் திறந்தேன். பரிதியின் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது.

ஏசியை ஒட்டிய ஜன்னல் கதவைத் திறந்து செண்பகவல்லி கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். இடக்கையில் பரிதி சாப்பிடும் எவர்சில்வர் தட்டு. டாக்டர் கொடுத்த முகக்கவசம் தாடைக்குக் கீழே கிடந்தது. சோற்றை நன்றாகப் பிசைந்து, பெட்டியின் மேல் வைத்து, வறுவலைத் தனியாக அதன் பக்கத்தில் வைத்தாள்.

“வா ராஜா. உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சு. இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்க.”

புறாக்கள் வந்து இறங்கின. இறக்கை அடித்த காற்றில் அவள் தலைமுடி அசைந்தது.

“உங்களுக்கில்ல. போங்க. போங்கன்னா. அவன் பசியோட வருவான், கொஞ்சம் வைங்க.”

அவை போகவில்லை. அவள் கையை ஆட்டினாள்; இருமல் வந்தது; நெற்றியை ஏசியின்மேல் சாய்த்துக்கொண்டாள். தட்டு மட்டும் கீழே விழாமல் பிடித்திருந்தாள்.

கதவை ஓசையின்றிச் சாத்திவிட்டுக் கீழே போய்க் காரில் உட்கார்ந்தேன். வழக்கமாக வரும் நேரத்துக்கு மீண்டும் மேலே வந்தேன். “இன்னிக்கு வேலை அதிகமா?” என்று கேட்டாள். ஆம் என்றேன்.

ஜூன் 15, சனி

அறிக்கையாக எழுதிப் பார்க்கிறேன். நுரையீரல் சேதத்துக்குக் காரணம் புறாத் தூள். புறா வரக் காரணம் சோறு. சோறு அங்கே வைக்கப்பட்டதற்குக் காரணம், அங்கேதான் அதை யாரும் பார்க்க முடியாது என்பது. இந்த ஊரில் எல்லோரும் காக்காவுக்கு மாடிக் கைப்பிடிச் சுவரில்தான் வைக்கிறார்கள். திறந்த வெளி, காகம் வரும், காற்று அடித்துப் போகும், யாருடைய நுரையீரலுக்கும் கேடில்லை. அவள் ஏன் மாடிக்குப் போகவில்லை என்ற கேள்வி எழும்.

அந்தக் கேள்வி இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

ஜூன் 16, ஞாயிறு

உருளைக்கிழங்கு வறுவல். உப்பு சரியாக இருந்தது.

ஜூன் 20, வியாழன்

டாக்டர் பெனாசிர் மூச்சுப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். “மூச்சோட அளவு குறைஞ்சிருக்கு. மருந்து ஒழுங்கா எடுக்கறாங்க, தெரியுது. ஆனா இன்னும் எங்கேயோ புறாவோட தொடர்பு இருக்கு. அந்த ரூமைக் காலி பண்ணுங்க. மெத்தை, தலகாணி, திரை, துணி எதுவும் வேணாம். கழுவினாப் போகாது. வெளிய புறா இருக்கிற இடத்துக்குப் போயிட்டு வந்தா நீங்களும் சட்டையோட அவங்க பக்கத்துல போகாதீங்க.”

“மெத்தையுமா?” என்றாள் செண்பகவல்லி.

“மெத்தைதான்மா முதல்ல.”

காரில் திரும்பினோம். மேம்பாலத்தில் நெரிசல். நின்றுகொண்டிருந்தபோது கேட்டாள்.

“என்னங்க, புறா எதுக்கு அங்க வந்துச்சு?”

“மேல கம்பு போட்டாரில்ல. அதான்.”

“நான் சோறு வச்சேங்க.”

முன்னால் நின்ற பேருந்தின் எண்ணை நான் படித்துக்கொண்டிருந்தேன்.

“பரிதிக்கு. உங்களுக்குப் பிடிக்காதுன்னு ஜன்னல்ல வச்சேன். காக்கா வரும்னுதான் வச்சேன். ஒருநாள்கூட வரல. இதுங்கதான் வந்துச்சு. விரட்டினாப் போகல.” மூச்சு வாங்கினாள். “அதனாலதான் எனக்கு இப்படி ஆச்சா? எம்புள்ளைக்கு வச்ச சோத்தாலயா?”

என் வாழ்நாளில் எந்த அறிக்கையிலும் நான் பொய்யான காரணம் எழுதியதில்லை. மிரட்டியவர்கள் உண்டு. எழுதியதில்லை.

“இல்ல. புறா சோறு திங்காது. கம்பு, சோளம்தான் திங்கும். டாக்டர்கிட்ட தனியாக் கேட்டேன். நீ வச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

புறா சோறு தின்பது அவள் தினமும் தன் கண்ணால் பார்த்தது. இருந்தும் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் தளர்ந்தது.

“அப்போ வைக்கலாம். நிறுத்த வேண்டியதில்ல.”

பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பின. வழி கிடைத்திருந்தது. நான் ஓட்டவில்லை.

“நீ வைக்க வேணாம்” என்றேன். “நான் வைக்கறேன். மாடியில.”

“நீங்களா?”

“நான்தான்.”

“உங்களுக்கு இதுல நம்பிக்கை இல்லையே.”

“இல்ல.”

ஜூன் 22, சனி

வழக்குக்கு இந்தக் குறிப்பு இனிப் பயன்படாது. எதிர்வாதியாக யாரை எழுதுவது?

ஜூலை 2, செவ்வாய்

ஏசியை எடுத்தாயிற்று. அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. ஜெகதீசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, “ஸ்பிளிட் போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல சார், அப்பவே சொன்னேன்” என்றான். அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன். திருத்தும் ஆர்வம் எழவில்லை.

மெத்தையை நானே இறக்கினேன். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னாள், மறுத்துவிட்டேன். படி வளைவுகளில் அது என்மேல் சாய்ந்து சாய்ந்து வந்தது. சட்டைகளும் போயின. ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி வைக்கலாமா என்று கேட்டாள். டாக்டரிடம் கேட்டேன். கூடாது என்றார். உறையைப் பிரிக்கத் தோன்றும் என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

கூடத்தில் ஆக்சிஜன் கருவி. அது இரைவதால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. பனி கொஞ்சம் விலகியிருக்கிறது, தழும்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தாமதம் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. நாகரிகமானவர்.

ஜூலை 23, செவ்வாய்

நாள்தோறும் அலுவலகம் போகுமுன் ஒரு பிடி வைத்துவிட்டு வருகிறேன். காகம் வருகிறதா என்று நின்று பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

இன்றைக்கு முறையாக வைக்க வேண்டுமென்றாள். தலைக்குக் குளித்து, வாழையிலையில், எல்லாப் பதார்த்தமும். அடுப்புப் பக்கம் அவள் போகக் கூடாது. கூடத்தில் மூக்குக் குழாயுடன் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் சமைத்தேன்.

“இப்ப மொளகாத்தூள் போடுங்க. போட்டீங்களா? கிளறுங்க. வாசனை என்னங்க இப்படி வருது?”

“வறுவல் வாசனைதான்.”

“கருகற வாசனை. ஐயோ, தீயைக் குறைங்க.”

குறைக்குமுன் கருகிவிட்டது. வேறு கிழங்கு இல்லை.

இலையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். சிங்காரவேலு முன்பே வந்து, கிழக்குச் சுவரில் தன் இலையை விரித்திருந்தார். மெஸ் சாப்பாட்டுப் பொட்டலம் பக்கத்தில் பிரிந்து கிடந்தது. என்னையும் என் கையையும் பார்த்தார்.

“சர்வேயர் சார், கமிட்டியில சொல்லட்டுமா?”

நான் மேற்குச் சுவரில் இலையை வைத்துத் தண்ணீர் தெளித்தேன். சற்றுநேரம் கழித்து அவரே அருகில் வந்தார்.

“செண்பகம் எப்படியிருக்கு?”

“அப்படியேதான்.”

“கூப்பிடணும் சார். சும்மா வச்சா வராது.”

“கா” என்றேன். ஐம்பத்தாறு வயதில் முதல் முறை. சத்தம் எழும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எதிர் மாடியில் துணி உலர்த்திய பெண் திரும்பிப் பார்த்தாள். மீண்டும் கூப்பிட்டேன்.

எங்கள் கொளத்தூரின் எல்லா மாடிகளிலும் இலை விரிந்திருந்தது. எல்லா மாடிகளிலிருந்தும் அதே குரல் கேட்டது. காகங்கள் கம்பங்களில் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

“இன்னிக்கு வராது சார்” என்றார் சிங்காரவேலு. “காலைலேர்ந்து வீட்டுக்கு வீடு விருந்து. எனக்கும் வரல. அவளுக்கு எப்பவும் கடைசிப் பந்தியிலதான் பசிக்கும்” என்று சொல்லிவிட்டுத் தன் இலையை அப்படியே விட்டுக் கீழே போனார்.

நான் இறங்கவில்லை. புறாக்கள் தொட்டிமேலிருந்து ஒன்றொன்றாக இறங்கி வந்தன. துண்டை நனைத்து வீசி விரட்டினேன். மேற்கில் விரட்டினால் கிழக்கில் இறங்கின. என் இலைக்கும் அவர் இலைக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தேன். வெயில் உச்சிக்கு வந்தது. சோறு காய்ந்து விளிம்பு சுருண்டது. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். கம்பத்திலிருந்து ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்தது, மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

புறாவுக்கு ஒரு பருக்கைகூடக் கிடைக்கக் கூடாது. இரண்டு இலைகளையும் மடித்துக் கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டு மூடினேன்.

மேலே வந்து எங்கள் வாசலில் நின்று சட்டையைக் கழற்றினேன். டாக்டர் சொன்னபடி அதைப் பையில் போட்டுக் கட்ட வேண்டும். கதவுக்கு அப்பால் ஆக்சிஜன் கருவி இரைந்துகொண்டிருந்தது. என் காலடி கேட்டிருக்க வேண்டும்.

“என்னங்க, வந்தானா?”

“வந்தான்.”

“சாப்பிட்டானா?”

“மிச்சம் வைக்காம சாப்பிட்டான்.”

“வறுவலையுமா? கருகிப்போச்சே.”

“அதைத்தான் முதல்ல.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறந்திருந்தேன். அது பாதியில் இருமலாயிற்று. இருமல் நிற்கட்டும், பிறகு உள்ளே போகலாம் என்று சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

இருமல் நிற்கவில்லை. உள்ளே போனேன்.